கடலுக்குரிய மணலைக் கடலுக்கே விடுக!

முழுநிலா நாளில் திருவண்ணாமலையை வலம்வரும் மக்களிடம் கடலரிப்பைப் பற்றிச் சொன்னால், "மலையூருக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு?" என்றே கேட்பர். தொடர்பு உண்டு. 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் புயலின் மழையால், மறுநாளே அண்ணாமலைச் சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்களை விழுங்கியதை இவ்வூர் மறந்திருக்காது. புயல் கடலிலிருந்து மலைக்கு வருகிறது. மணலோ மலைப்புறத்திலிருந்து கடலுக்குச் செல்கிறது. அதனைச் சுமக்கும் தாய் தென்பெண்ணை.

சாத்தனூரைக் கடந்து கடலூர் அருகே கடல்சேரும் அவ்வாறு கொணரும் மணலைத் தென்மேற்குக் காற்றுக்கால அலைகள் வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குக் காற்றுக்காலத்தில் ஒரு பங்கு தெற்கே திரும்புகிறது. கூட்டிக்கழித்துப் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. எனவே, கடற்கரை என்பது நிற்கும் நிலமன்று, ஓடும் மணலாறு! ஆற்றைக் குறுக்கே மறித்தால் கீழ்நிலம் காயும்; மணலாற்றை மறித்தால் வடகரை அழியும்.

இவ்வுண்மை புதிதன்று. 1876இல் சென்னைத் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியபின், தெற்கே மெரினா மணல் பரந்து விரிந்தது. வடக்கே இராயபுரக் கரையைக் கடல் தின்றது. ஒரு நூற்றாண்டுப் பாடம் கண்முன் கிடந்தும், 1986 முதல் 1989 வரை புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்றுவாயில் அலைதடுப்புகளை நீட்டினர். தெற்கே தேங்கும் மணலை வாரி வடக்கே சேர்ப்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே. கல்லை அடுக்கினர், மணலை முறையாகக் கடத்தினரா? இல்லை! நகரின் மணற்கரை மறைந்தது. கருங்கற் சுவர் எழுந்தது. அரிப்போ சுவரைத் தாண்டி வடக்கே நடந்து, தமிழ்நாட்டுப் பொம்மையார்பாளையத்து மீனவர் வாயிலைத் தட்டியது. படகேற்ற மணலின்றி வலைஞர் எங்கே போவர்? கற்சுவர் அரிப்பைத் தீர்ப்பதில்லை. அடுத்தவன் தலையில் ஏற்றுகிறது.

2018இல் புதுச்சேரிக் கடலடியில் ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை அமைத்து, துறைமுக வாயிலில் தூர்வாரிய மணலைக் கரையில் கொட்டியதும் மணற்கரை மீண்டது. மணலே மருந்து என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆயின், ஒருவேளை உண்டவன் வாழ்நாள் முழுதும் பசியாறான். மணலாறு ஆண்டுதோறும் ஓடுவது. ஆதலின் ஆண்டுதோறும் ஊட்டல் வேண்டும்.

நெதர்லாந்து 1990 முதல் இதனை நாட்டுக் கொள்கையாகவே கொண்டு, தெக்செல், ஆமெலாந்து முதலிய தடுப்புத் தீவுகளை வாரிய மணலால் காத்துவருகிறது. அம்மணலைக் கரையோரத்தில் தோண்டுவதில்லை. 20 மீட்டர் ஆழத்திற்கும் அப்பாலிருந்தே எடுக்கிறது. ஆசுத்திரேலியாவில் துவீடு ஆற்றுவாய் அடைத்த மணலை, நியூ சவுத்து வேல்சும் குயின்சுலாந்தும் கூடி, 2001 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 இலக்கம் கன மீட்டர் அளவில் குழாய்வழிக் கடத்துகின்றன. அங்கே இரு மாநிலங்கள் கைகோக்க முடியுமெனில், ஒரே மொழி பேசும் புதுச்சேரியும் தமிழ்நாடும் கைகோக்க இயலாதா?

வாரிய மணல் என்றதும் மயங்கவும் கூடாது. கரையருகே குழிதோண்டி எடுத்த மணல், அலையின் விரைவைக் கூட்டி அக்கரையையே அரிக்கும். சேறு கலந்த மணல் மீன்வளத்தைக் கெடுக்கும். நுண்மணல் விரைந்து கரைந்தோடும். எண்ணூர்க் கழிவெளிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் காட்டுப்பள்ளித் தடுப்புத்தீவில் துறைமுகங்களை எழுப்பிவிட்டு, வடக்கே பழவேற்காட்டுக் கரை கரைவதைக் கண்டு ஈரெடுப்பு மணலைக் கொட்டுவது, கையை வெட்டியவன் கட்டுத்துணி நீட்டுவதை ஒக்கும்.

இனி, திருவண்ணாமலையார் தம் கடன் யாது? 1958இல் முடிந்த சாத்தனூர் அணை உழவர்க்கு நீரளித்தது; உடன் மணலையும் மறித்தது. அணைக்குத் தப்பிய மணலை மணற்கொள்ளையர் சரக்குந்துகளில் ஏற்றுகின்றனர். ஆற்றில் ஒரு வண்டி மணல் களவுபோனால், கடற்கரையில் ஒரு குடிசையின் அடிநிலம் களவுபோகிறது என்று அறிக!

துறைமுகம் மறித்த மணலை ஆண்டுதோறும் அத்துறைமுகத்தாரே வடக்கே கடத்த வேண்டும். கரையோரத் தோண்டல் ஒழிய வேண்டும். தென்பெண்ணை மணற்கொள்ளை அடியோடு நிற்க வேண்டும். மீனவனுக்கு மணல் கொடுப்பது கொடையன்று; பறித்ததைத் திருப்பித் தருவதே. மலைவாழ் தமிழனும் அலைவாழ் தமிழனும் ஒரே மணலில் நிற்பவர். அம்மணலைக் காக்க இருவரும் ஒன்றாக எழுக!