டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்!

செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்கு மூச்சு வாங்காமல் ஏற வேண்டும் என்று எடை குறைக்கிறீர்களா? புரோட்டீன் பவுடர் வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு ஸ்கூப்பில் புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா எனப் பாருங்கள்.

பவுடர் கொழுப்பைக் கரைக்காது. பசியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். வழக்கமான சாப்பாட்டோடு அதையும் குடித்தால் எடை ஏறவே செய்யும்.

ஆரோக்கியமானவருக்குக் கிலோ எடைக்கு தினமும் 0.83 கிராம் புரதம் என்கிறது ஐ.சி.எம்.ஆர். 60 கிலோ எடைக்கு 50 கிராம். ஒரு முட்டையிலேயே 6 கிராம் உண்டு. நம்மூர் வேர்க்கடலை 100 கிராமில் 25 கிராம். ஆனால் 550 கலோரி, எனவே ஒரு கைப்பிடி போதும்.

சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள், டாக்டரைக் கேட்காமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.