விடுதிக்கு முன்பணம் கட்டுமுன்

மும்பையிலும் தில்லியிலும் பாடுபடும் நம்மவர் சிலர், நகையை அடகு வைத்தேனும் பிள்ளையை டாக்டராக்க இராசஸ்தானத்துக் கோட்டா நகருக்கு அனுப்புகின்றனர். பயிற்சி வகுப்பைப் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். பிள்ளை தங்கப்போகும் அறையையோ தரகர் பேச்சை நம்பிப் பிடிக்கிறோம். 2023-இல் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்ட ஊர் அது!

2024 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 16 வயது நிரம்பாதவரைப் பயிற்சியில் சேர்க்கக் கூடாது. இடையில் விலகுவோருக்கு எஞ்சிய காலக் கட்டணத்தை 10 நாளில் திருப்பித் தரவேண்டும். பயிற்சி நிலையமே நடத்தும் விடுதியின் வாடகைக்கும் சாப்பாட்டுப் பணத்துக்கும் இது பொருந்தும். வெளியிலுள்ள தனியார் விடுதிகளை இந்நெறி தொடவில்லை.

ஆகவே பெற்றோரே, ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர். நேரில் சென்று அறையையும் சமையற்கட்டையும் பாருங்கள். அங்கு தங்கியுள்ள மாணவரிடம் கேளுங்கள். விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கட்டிய பணம் போய்விடுமே என்றஞ்சி, “வீட்டுக்கு வருகிறேன்” என்று சொல்ல நம் பிள்ளை தயங்கும் நிலை வரலாகாது.

தனியார் விடுதிகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும். ஒன்றுபட்டுக் கேட்போம்!