“இன்னொரு முறை” என்பதும் “போதும்” என்பதும்



நம் மஹல்லாக்களில் அண்மைக் காலமாக ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. கிராஅத் மஜ்லிஸ் என்று அழைப்பிதழ் அச்சிடுகிறோம். ஒலிபெருக்கியில் எதிரொலியைக் கூட்டி வைக்கிறோம். காரீ ஒரே மூச்சில் வசனத்தை நீட்டி, உச்சத்தில் நிலைநிறுத்தி, மெல்ல இறக்கி முடிக்கிறார். கூட்டம் “அல்லாஹ், அல்லாஹ்” என்று எழுந்து ஆர்ப்பரிக்கிறது. மறுநாள் தேநீர்க் கடையில், “நேற்றிரவு ஈமான் பொங்கி வழிந்தது” என்று பேசிக்கொள்கிறோம்.

பொங்கியது ஈமான்தானா? அன்று ஓதப்பட்டது என்ன, அது நம்மிடம் என்ன கேட்டது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை என்றால், பொங்கியது வேறொன்று என்பதே நம் வாதம். அந்த வேறொன்று பொய்யானதன்று, மிகுந்த வலிமையுடையது. ஆகவேதான் அதைப் பற்றி நமக்குத் தெளிவு வேண்டும்.

கெய்ரோவின் வியாழக்கிழமைகள்

அந்த வலிமையை அறிய எகிப்தைப் பார்க்க வேண்டும். நைல் நதியின் கழிமுகத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசல் இமாமின் மகளாகப் பிறந்தவர் உம்மு குல்ஸூம். ஊர் மக்தபில் குர்ஆன் ஓதக் கற்றார். ஆண்பிள்ளை உடை அணிவிக்கப்பட்டு, தந்தையுடன் திருமண வீடுகளுக்குச் சென்று மார்க்கப் பாடல்களைப் பாடினார். 1920களில் கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்தார். 1930களிலிருந்து 1970களின் தொடக்கம் வரை, மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவில் அவருடைய கச்சேரி வானொலியில் நேரடியாக ஒலித்தது. அரபுலகின் பல நகரங்களில் மக்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து விடிய விடியக் கேட்டார்கள். 1975 பிப்ரவரி 3 அன்று அவர் காலமானபோது கெய்ரோவின் தெருக்கள் மக்கள் வெள்ளத்தில் மூழ்கின.

அந்தக் குரல் மக்களை எப்படிப் பிடித்தது? எழுத்தில் பார்த்தால் அவர் பாடிய பாடல் சில பத்து வரிகள்தான். அவர் பாடும்போது அது ஒரு மணி நேரத்தையும் கடந்துவிடும். ஒரே வரியை எடுத்துக்கொண்டு முதலில் எழுதியபடி பாடுவார். இரண்டாம் முறை ஒரு சொல்லை நீட்டுவார். மூன்றாம் முறை ராகம் போன்ற ‘மகாம்’ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, எதிர்பாராத இடத்தில் வந்து இறங்குவார். இறங்கும் அந்த இடத்தில் ஒரு கணம் அமைதி. அடுத்த கணம் அரங்கம் வெடிக்கும். “அல்லாஹ்” என்பார்கள், “இன்னொரு முறை” என்று கெஞ்சுவார்கள். அந்தக் கூச்சலைக் கேட்டே அவர் அடுத்த திருப்பத்தை முடிவு செய்வார். இன்று இருபது முறை பாடிய வரியை அடுத்த மாதம் வேறு விதமாகப் பாடுவார்.

இந்த நிலைக்கு அரபியர் ‘தரப்’ என்று பெயர் வைத்தனர். அதில் பாதி பாடுபவருடையது, பாதி கேட்பவருடையது. ஆயிரம் பேர் ஒரே நொடியில் மூச்சை அடக்கி ஒரே நொடியில் விடும்போது, தனி மனிதனின் நெஞ்சு தன் எல்லையை இழக்கிறது. வீட்டில் தனியே அழாதவன் அங்கே அழுகிறான். பாட்டு அவனுக்காகவே அந்த நேரத்தில் பிறப்பதாக உணர்கிறான். ஒருவகையில் அது உண்மையும் ஆகும். பாட்டு ஹலாலா ஹராமா என்பதில் உலமாக்கள் நெடுங்காலமாகக் கருத்து வேறுபட்டுள்ளார்கள். அந்த விவாதத்தை இங்கே எடுக்கவில்லை. நம் கவலை, இந்தத் தரபை நாம் எதனோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்பதே.

ஓதும் மன்றத்திலும் அதே கூட்டம்

அதே எகிப்தில், அதே காலத்தில், ஷைகு முஸ்தஃபா இஸ்மாயீல், ஷைகு அப்துல் பாஸித் அப்துஸ் ஸமத் போன்ற மாபெரும் காரீகள் வாழ்ந்தார்கள். அவர்கள் ‘முஜவ்வத்’ முறையில் ஓதினார்கள். எழுத்துகளின் உச்சரிப்பும் நீட்டலின் அளவும் தஜ்வீத் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. அதில் ஓர் அணுவும் அவர்கள் கைவைக்கவில்லை. குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் அந்தந்த நேரத்தில் அமைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் பயாத்தியில் தொடங்கி, ரஸ்த், ஸபா, ஹிஜாஸ் என்று உலவி, மீண்டும் பயாத்தியில் வந்து முடிப்பார்கள். வசனத்துக்கு வசனம் விடும் இடைவெளியைக் கூட்டத்தின் குரல் நிரப்பும்.

இதில் நாம் கவனிக்கத் தவறிய நுட்பம் ஒன்று உண்டு. குர்ஆனுக்கு மனிதன் இயற்றிய நிலையான மெட்டு எதையும் பூட்டக் கூடாது என்பது அந்த காரீகளின் மரபு. ராகம் அந்த நேரத்தில் தோன்றி அந்த நேரத்திலேயே மறைய வேண்டும். இறைவாக்கு மட்டும் மாறாமல் நிற்க வேண்டும். முன்கூட்டி அமைக்காமல் ஓதியது ஒருவகையில் பேணுதலாகவே இருந்தது. அவர்கள் காலத்துக் கூட்டத்தின் ஆரவாரத்தைக் கண்டித்த உலமாக்கள் எகிப்திலேயே இருந்தார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நாம் செய்வது என்ன? ஒலிப்பதிவைப் பிள்ளைகளிடம் கொடுத்து, இழைக்கு இழை அப்படியே ஓது என்கிறோம். அவர்கள் மறையவிட்ட மெட்டை நாம் குர்ஆன் வசனத்தின் மீது ஆணி அடித்து நிறுத்துகிறோம்.

நம் மீதே உள்ள குற்றம்

பிறரைச் சொல்லும் முன் நம்மைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் மதரஸாவின் ஆண்டு விழாவுக்கு, பன்னிரண்டு வயது மாணவன் ஒருவனை நாமே தயார் செய்தோம். எகிப்திய காரீ ஒருவரின் பதிவை மூன்று மாதம் கேட்டு மனனம் செய்தான். மேடையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வழக்கத்துக்கு அதிகமான நேரம் காத்திருந்தான். ஏனென்று பிறகுதான் புரிந்தது. பதிவில் அந்த இடங்களில் கூட்டம் ஆரவாரம் செய்யும். அந்த ஆரவாரத்தின் நீளத்தையும் பிள்ளை மனனம் செய்திருந்தான்.

அவன் ஓதியது அல்ஹாக்கா அத்தியாயம். குற்றவாளியைப் பிடித்து விலங்கிட்டு, எழுபது முழச் சங்கிலியில் பிணைக்குமாறு கட்டளை பிறக்கும் இடத்தில் பிள்ளை குரலை உச்சத்துக்கு ஏற்றினான். பந்தல் மகிழ்ச்சியால் அதிர்ந்தது. பெரியவர் ஒருவர் எழுந்து வந்து அவன் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்தினார். நாமும் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தோம். அல்லாஹ் மன்னிப்பானாக.

விழா முடிந்து நடந்து வருகையில், “தம்பி, அந்த ஆயத்து என்ன சொல்லுது?” என்று கேட்டோம். “அத நீங்க சொல்லித் தரலையே ஹள்ரத்” என்றான். அவன் குறை கூறவில்லை, உள்ளதைச் சொன்னான்.

அதே வகுப்பில் வேறொரு பிள்ளை இருந்தான். நாக்குத் திக்கும், குரலில் இனிமை இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் போராடித்தான் வெளியே கொண்டுவருவான். மூன்று ஆண்டுகளில் ஒரு முறையும் அவனை மேடையேற்றவில்லை. பிறகு அவன் வருவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்குச் சென்று விசாரித்தபோது அவனுடைய உம்மா, “எனக்குக் குரல் இல்ல, நான் போயி என்ன செய்யன்னு சொல்றான் ஹள்ரத்” என்றார். சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரட்டைக் கூலி உண்டு என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதை நாம் பாடமாக நடத்தியிருக்கிறோம். ஆனால் நாம் கட்டிய மேடை அந்தப் பிள்ளைக்கு நேர்மாறானதைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

எதிர்வாதங்கள்

“குரலை அழகாக்கி ஓதுவது சுன்னத்தல்லவா?” என்று கேட்பார்கள். ஆம், ஐயமில்லை. குர்ஆனைக் குரலால் அழகுபடுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் ஓதலைக் கேட்டு, தாவூத் நபியின் குடும்பத்தாருக்குரிய இனிய குரல் இவருக்கு வழங்கப்பட்டிருக்கிறது என்று பாராட்டினார்கள். ஆனால் அந்த இரவில் மேடையும் இல்லை, கூட்டமும் இல்லை. தம்மை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே அபூமூஸா (ரலி) அவர்களுக்குத் தெரியாது. பின்னர் அறிந்தபோது, தெரிந்திருந்தால் இன்னும் அழகாக ஓதியிருப்பேன் என்று அவர் சொன்னதாகவும் அறிவிப்பு உண்டு. எனவே கேட்பவருக்காகக் குரலை அழகாக்குவதை நாம் குறை கூறவில்லை. கேட்பவரின் கூச்சலுக்காக ஓதுவது வேறு.

“அழுகை வருகிறதே, அது ஈமான் இல்லையா?” என்பார்கள். குர்ஆன் ஓதக் கேட்டு மயங்கி விழுபவர்களைப் பற்றி, தாபியீன்களில் ஒருவரான இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டது. அத்தகையவரை ஒரு சுவரின் மேல் உட்கார வைத்துக் குர்ஆனை முதலிலிருந்து இறுதிவரை ஓதிக் காட்டுங்கள். அப்போதும் விழுந்தால் அவர் உண்மையாளர் என்ற கருத்தில் அவர் பதிலளித்தார். நம் அழுகைக்கும் அப்படி ஒரு சுவர் வேண்டும். எதிரொலி இல்லாமல், கூட்டம் இல்லாமல், சாதாரணக் குரல் கொண்ட இமாம் ஃபஜ்ரில் அதே வசனத்தை ஓதும்போது கண் நனைகிறதா என்று பார்த்துக்கொள்வோம்.

“இளைஞர்கள் இதனாலாவது பள்ளிக்கு வருகிறார்களே” என்பார்கள். குரலுக்காக வந்தவர் குரல் இருக்கும் இடத்துக்கே போவார். ரமளானில் இமாமின் குரலை விசாரித்துத் தராவீஹுக்குப் பள்ளிவாசல் தேடும் வழக்கம் இப்படித்தான் வந்தது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவு உலூமித்தீனில், குர்ஆனைவிடப் பாட்டு சிலருடைய உணர்ச்சியை அதிகம் கிளறுவது ஏன் என்ற கேள்வியை மறைக்காமல் எடுத்துக்கொண்டு ஏழு காரணங்களைக் கூறுகிறார்கள். பாடகர் புதுப்புது வரிகளைக் கொண்டுவரலாம். காரீ புதிய வசனத்தைக் கொண்டுவர முடியாது. பாடகர் சொல்லை விரும்பியபடி நீட்டலாம், குறுக்கலாம். குர்ஆனில் அது கூடாது. பாட்டு கேட்பவரின் மனநிலைக்குப் பொருந்தவில்லை என்றால் வேறு பாடச் சொல்லலாம். இறைவாக்கிடம் அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. இவை சாரம் மட்டுமே. ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட இந்த விளக்கம் நமக்கு ஒன்றை உணர்த்துகிறது: பாட்டு நம் மனத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கிறது, குர்ஆனோ நம் மனத்தை வளைக்க வந்தது. வளைக்க வந்ததை வளையச் சொல்லிக் கைதட்டுகிறோம்.

அந்த ஒரு சொல்

புகாரியில் பதிவான நிகழ்ச்சி ஒன்று. நபி (ஸல்) அவர்கள் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களைத் தமக்கு ஓதிக் காட்டச் சொன்னார்கள். தங்களுக்கே அருளப்பட்டதைத் தங்களுக்கு நான் ஓதுவதா என்று அவர் தயங்கினார். பிறரிடமிருந்து கேட்க விரும்புவதாக நபியவர்கள் கூறினார்கள். அவர் அந்நிஸா அத்தியாயத்தை ஓதினார். ஒவ்வொரு சமுதாயத்திலிருந்தும் ஒரு சாட்சி கொண்டுவரப்பட்டு, இம்மக்கள் மீது நபியவர்களே சாட்சியாக நிறுத்தப்படும் நாளைப் பற்றிய 41ஆம் வசனத்தை அடைந்தார். நபியவர்கள் “போதும்” என்றார்கள். அவர் திரும்பிப் பார்த்தபோது அவர்களின் இரு கண்களும் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தன.

கெய்ரோவின் அரங்கில் உணர்ச்சி உச்சத்தை அடைந்தபோது மக்கள் “இன்னொரு முறை” என்றார்கள். மதீனாவில் உணர்ச்சி உச்சத்தை அடைந்தபோது நபியவர்கள் “போதும்” என்றார்கள். இன்பத்தை நுகர்பவன் மேலும் கேட்பான். பொறுப்பு தன் தோளில் ஏறியதை உணர்ந்தவர் நிறுத்தச் சொல்கிறார். அதற்கு மேல் தாங்க இயலவில்லை.

அதற்காகக் கேட்பவர் கல்லாக இருக்க வேண்டியதில்லை. ஓர் இரவுத் தொழுகையில் நபியவர்கள் துதிக்குரிய வசனம் வந்தால் துதித்ததையும், வேண்டுதலுக்குரிய இடத்தில் வேண்டியதையும், பாதுகாப்புத் தேட வேண்டிய இடத்தில் பாதுகாப்புத் தேடியதையும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அங்கே மறுமொழி பொருளுக்கு உரியது. நரகத்தின் சங்கிலிக்கும் சொர்க்கத்தின் நீரோடைக்கும் ஒரே மாதிரி ஆர்ப்பரிப்பவர் கேட்டது வசனத்தை அன்று, ராகத்தை. குர்ஆன் ஓதப்பட்டால் செவிதாழ்த்தி மௌனமாக இருக்குமாறு அல்அஃராஃப் அத்தியாயத்தின் 204ஆம் வசனம் பணிக்கும்போது, ஆரவாரத்துக்கு நாம் எங்கே ஆதாரம் தேடுவது?

ஆகவே விழாக் குழுவினரையும் பெற்றோரையும் வேண்டிக்கொள்கிறோம். கிராஅத்துக்கு முன் அந்த வசனங்களின் பொருளைத் தமிழில் வாசியுங்கள். எதிரொலிக் கருவியை அணைத்துவிடுங்கள். ஓதும் பிள்ளையின் சட்டையில் பணம் குத்தாதீர்கள். இனிய குரலுள்ள பிள்ளையை ஏற்றும் மேடையில் திக்கி ஓதும் பிள்ளையையும் ஏற்றுங்கள். அவன் ஓதி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருங்கள். அந்தக் காத்திருப்புக்கும் கூலி உண்டு, இன்ஷா அல்லாஹ்.

வருவதை நிறுத்திய அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நாம் மீண்டும் சென்றோம். இப்போது மக்ரிபுக்குப் பிறகு தனியாக வந்து ஓதுகிறான். அல்ஹாக்காவை எட்டும்போது சங்கிலியின் வசனத்தை முதலில் தமிழில் சொன்னோம். அவன் நெடுநேரம் ஓதவில்லை. பிறகு, “இன்னைக்கு இது போதும் ஹள்ரத்” என்றான்.

யா அல்லாஹ், உன் வேதத்தை எங்கள் காதுகளோடு நிறுத்திவிடாமல் எங்கள் உள்ளங்களில் இறக்குவாயாக. ஆமீன்.