சராசரிக்குள் மறையும் கணக்கு

புது தில்லி: 2024 மக்களவைத் தேர்தலில் வென்ற 543 பேரின் சராசரிச் சொத்து மதிப்பு ரூ. 46.34 கோடி. வேட்பாளர்களின் உறுதிமொழிப் பத்திரங்களைக் கொண்டு ஜனநாயக சீர்திருத்தச் சங்கம் வெளியிட்ட கணக்கு இது.

கட்சிவாரியாகப் பார்த்தால் பா.ஜ.க.வின் 240 பேருக்குச் சராசரி ரூ. 50.04 கோடி, காங்கிரஸின் 99 பேருக்கு ரூ. 22.93 கோடி. ஒரு கட்சி மற்றதைவிட இரு மடங்கு பணக்காரக் கட்சி என்று மேடையில் முழங்க இது போதும். ஆனால், செவெள்ளாவின் கொண்டா விஸ்வேஷ்வர் ரெட்டி (ரூ. 4,568 கோடி), குருக்ஷேத்திரத்தின் நவீன் ஜிண்டால் (ரூ. 1,241 கோடி) ஆகிய இருவரை விலக்கினால், பா.ஜ.க.வின் மற்ற 238 பேரின் சராசரி சுமார் ரூ. 26 கோடிக்கு இறங்கிவிடுகிறது. தெலுங்கு தேசத்தின் கதை இன்னும் விசித்திரம். அதன் 16 பேருக்குச் சராசரி ரூ. 442 கோடி. குண்டூரின் பெம்மசானி சந்திரசேகர் ஒருவரிடமே ரூ. 5,705 கோடி. அவர் நீங்கலாக மற்ற 15 பேருக்கு ரூ. 91 கோடிதான். (அதுவும் ஏழ்மையல்ல!)

வேண்டாதவரை விலக்கிக் கணக்குப் பார்ப்பதும் நேர்மையாகாது. ஒரு கட்சியில் இருவரை விலக்கினால் மறு கட்சியிலும் விலக்க வேண்டும். எத்தனை பேரை என்பதற்கு முடிவிராது. எவரையும் விலக்காமல் உண்மையை நெருங்க உதவுவது இடைநிலை அளவு. 543 பேரையும் சொத்து வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்கும் 272-ஆவது நபரைப் பார்ப்பதே அது. ரூ. 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 227 பேர்; ரூ. 5 கோடி முதல் 10 கோடி வரை உள்ளவர்கள் 103 பேர். எனவே நடுவில் நிற்பவரிடம் ரூ. 10 கோடிகூட இல்லை. ரூ. 1 கோடிக்கும் குறைவாக உள்ளவர்கள் 39 பேர். இந்தப் பரவலைச் சொல்லாமல் சராசரியை மட்டும் சொன்னால், அப்படியொரு எம்.பி. அவையில் பெரும்பான்மை என்று மக்கள் எண்ணுவர்.

எம்.பி.க்களின் சொத்தோடு இது நின்றால் விட்டுவிடலாம். மாநிலங்களை அளப்பதும் இதே சராசரிதான். 15-ஆவது நிதிக்குழு, 2021-26 காலத்துக்கான மத்திய வரிப் பகிர்வில் 45 சதவீத எடையைத் தனிநபர் வருமான இடைவெளிக்கு அளித்தது. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளின் உற்பத்தியும் விழுப்புரத்து மானாவாரி விளைச்சலும் ஒரே கூட்டலில் சேர்ந்து, தலைக்கு இவ்வளவு என்று வகுக்கப்பட்டன. மாநிலத்துக்குள் நிலவும் ஏற்றத்தாழ்வுக்கு அந்தச் சூத்திரத்தில் ஒரு சதவீத எடைகூட இல்லை. தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பங்கு 4.079 சதவீதம்.

பங்கு குறைந்தது என்று அவையில் குரலெழுப்பும் தமிழக உறுப்பினர்கள், எந்த அளவுகோலால் அளந்தீர்கள் என்றும் நிதியமைச்சரிடம் கேட்க வேண்டும்.