பெயர்ப் பலகை விதியை நடைமுறைப்படுத்தக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்
நகல்: தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அவர்கள்

பொருள்: கடைப் பெயர்ப் பலகைகள் – 15-ஆவது விதியை நிறைவேற்றுதல் – பலகை எழுதும் ஓவியர்களின் வாழ்வாதாரம் – தொடர்பாக.
பார்வை: இதே பொருள் குறித்து எங்கள் சங்கம் முன்னர் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடைப் பலகை, சுவர் விளம்பரம், லாரி எழுத்து ஆகியவற்றைப் பிரஷ் பிடித்து எழுதிப் பிழைப்பவர்களின் சங்கம் இது.

முதல் மனுவில் விதியைச் சுட்டிக்காட்டி நடவடிக்கை கேட்டோம். ‘உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது’ என்று ஒரு வரி வந்தது. அடுத்த மனுவைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்தோம். அதற்கு மனு எண் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. பிறகு, விதியை மீறிய பலகைகளைப் படம் எடுத்து இணைத்துக் கொடுத்தோம். அந்தப் பலகைகள் இன்றும் அப்படியே தொங்குகின்றன. ஆகவே சொன்னதையே மறுபடியும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் 1948-இல் வகுக்கப்பட்ட விதிகளில் 15-ஆவது விதி தெளிவானது. பெயர்ப் பலகை தமிழில் இருக்க வேண்டும். பிற மொழி இருந்தால் அது தமிழுக்குக் கீழே வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற அளவில் அமைய வேண்டும் என்று தொழிலாளர் துறையே வணிகர்களுக்கு அறிவுறுத்தி வருகிறது. புதிய சட்டம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. இருக்கும் விதி தெருவுக்கு வர வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

நடப்பது வேறு. நோட்டீஸ் போனதும் கடைக்காரர் ஆங்கிலப் பலகையின் மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தமிழ் ஸ்டிக்கரை ஒட்டுகிறார். விதி நிறைவேறியதாகக் கோப்பு மூடப்படுகிறது. முழுப் பலகையும் தமிழில் வரும் இடங்களிலோ எழுத்து உடைந்து கிடக்கிறது. கணினியில் எழுத்துரு பொருந்தாததால் ‘கொ’வின் கொம்பு தனியே, ககரம் தனியே, கால் தனியே நிற்கின்றன. தமிழ் படித்த ஒருவர் பார்த்திருந்தால் அது அச்சுக்கே போயிருக்காது.

அப்படிப் பார்த்து எழுதுபவர்கள் நாங்கள். மாவு தடவிய நூலைச் சுண்டித் தகட்டில் கோடு விழச் செய்து, எழுத்துகளுக்கு இடம் பிரித்து, அதன் பின்பே எனாமலைத் தொடுவோம். தொழிலுக்கு வரும் பையன் முதலில் பிரஷ் கழுவுவான். அப்புறம் ஆசான் போட்ட கோட்டுக்குள் நிறம் நிரப்புவான். ‘ழ’வின் வளைவு கை நடுங்காமல் ஒரே இழுப்பில் வர ஆண்டுகள் ஆகும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது, பழைய ‘லை’, ‘ணை’ வடிவங்களை விட்டுப் புதிய வடிவங்களைக் கடைத்தெருவில் எழுதிப் பழக்கியவர்களும் எங்கள் மூத்தவர்கள்தாம். இன்று அவர்களிடம் கற்றுக்கொள்ள யாரும் வருவதில்லை. ஆர்வமுள்ள பிள்ளைகள் உண்டு. ‘கற்றுக்கொண்டால் சோறு கிடைக்குமா?’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. விதி நிறைவேறினால் அந்தப் பதில் கிடைத்துவிடும்.

எனவே எங்கள் முதன்மைக் கோரிக்கை: விதி மீறலுக்காகக் கடைக்கு நோட்டீஸ் அனுப்பும்போது, ஓவியர் நல வாரியத்தில் பதிவு பெற்று அந்த வட்டாரத்தில் பலகை எழுதுவோரின் பட்டியலையும் அத்துடன் இணைக்க வேண்டும். கெடு முடிந்ததும் ஆய்வாளர் நேரில் சென்று பலகையை அளந்து பார்க்க வேண்டும். மூலையில் ஒட்டிய ஸ்டிக்கரை விதி நிறைவேறியதாக ஏற்கக் கூடாது. ‘ஓவியரைக் கொண்டுதான் எழுத வேண்டும் என்று விதியில் இல்லையே’ என்று அலுவலகத்தில் எங்களிடம் கேட்டார்கள். உண்மை, அப்படி விதியில் இல்லை. நாங்கள் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. ஊரில் எழுதத் தெரிந்தவர் இருக்கிறார் என்று கடைக்காரருக்குத் தெரிந்தால் போதும். பட்டியல் இணைப்பதற்கு அரசுக்குச் செலவில்லை; எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. ப்ளெக்ஸ் அச்சிடும் தொழிலாளர்கள்மீது எங்களுக்குப் பகையும் இல்லை. ஆனால் 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனர்கள் 1.7.2022 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டும் கடைவாசல்களில் தொங்குவதை நாள்தோறும் பார்க்கிறோம். எனாமலில் எழுதிய தகடு பல ஆண்டு நிற்கும். சாக்கடையை அடைக்காது.

பிற கோரிக்கைகள்:

1. அரசுப் பள்ளி, ஊராட்சி அலுவலகச் சுவர்களில் எழுதும் பணிகளில் உள்ளூர் ஓவியர்களுக்கு முன்னுரிமை வழங்க வேண்டும்.
2. நல வாரியப் பதிவு, புதுப்பித்தல் ஆகியவற்றுக்கு வட்ட அளவில் முகாம் நடத்த வேண்டும்.
3. ஏணி, சாரத்திலிருந்து விழுந்து காயமடைவோருக்கான உதவித்தொகையைக் காலதாமதமின்றி வழங்க வேண்டும்.
4. அரசு ஐ.டி.ஐ.களில் தமிழ்ப் பலகை எழுத்துக்கு மாலைநேரக் குறுகியகாலப் பயிற்சி தொடங்கி, மூத்த ஓவியர்களைப் பயிற்றுநராக அமர்த்த வேண்டும்.

இம்மனுவை வேறு அலுவலகத்துக்கு அனுப்பி முடித்துவிடாமல், 15-ஆவது விதியின் கீழ் இம்மாவட்டத்தில் இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கையையும், பட்டியல் இணைப்பது குறித்த தங்கள் முடிவையும் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்
(சங்க உறுப்பினர்களுக்காக)