கூப்பிடாமல் வரும் சிப்பந்திகள்

லினக்ஸ் போட்டுக்கொண்ட நம் வயதுக்காரர்களுக்கு விவரம் தெரிந்த பிள்ளைகள் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு. "உள்ளே என்ன ஓடுதுன்னு நீங்க பார்க்காதீங்க சார், அது பாட்டுக்கு ஓடட்டும்." அன்போடுதான் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

என் வீட்டில் பிரிண்டர் கிடையாது. சிம் போட்டு இணையம் தரும் டாங்கிளும் கிடையாது. ஆனாலும் உபுண்டுவை ஏற்றிய கணினியில் பொத்தானை அமுக்கியதும் அச்சு வேலைக்குக் கப்ஸ், ஊரில் எங்கே பிரிண்டர் இருக்கிறதென்று தேடக் கப்ஸ்-பிரவுஸ்டு, இல்லாத டாங்கிளைக் கவனிக்க மோடம்மேனேஜர் என்று வரிசையாக வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கோப்பே இல்லாத பிரிவுக்கு முழு சிப்பந்திகள்! முப்பது வருஷம் அரசாங்க நாற்காலியில் இருந்தவன், எனக்கு இது புதிதல்ல.

"கொஞ்சம் மெமரிதானே போகிறது?" என்பார்கள். போகட்டும், என் சண்டை மெமரிக்காக அல்ல. 2024 செப்டம்பரில் இத்தாலிக்காரர் சிமோனே மார்கரிதெல்லி என்ன கண்டுபிடித்துச் சொன்னார்? அந்தக் கப்ஸ்-பிரவுஸ்டு 631-ஆம் எண் வாசலைத் திறந்து வைத்து, யார் வந்து "நான் பிரிண்டர்" என்றாலும் நம்பியது. அந்தப் போலி பிரிண்டருக்கு நாம் ஒரு தாள் அச்சிடக் கொடுத்தால், அயலான் எழுதிய கட்டளை நம் கணினியில் ஓடும். பிறகு திருத்தம் வந்தது, சரி. பிரிண்டரே இல்லாதவன் வீட்டில் அந்த வாசல் எதற்குத் திறந்திருந்தது?

இதைச் சரிசெய்வது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. உபுண்டுவில் 2015 முதல் சேவைகளை எழுப்புவது சிஸ்டம்டி. டெர்மினலில் 'சிஸ்டம்டி-அனலைஸ் ப்ளேம்' என்று அடித்தால், தொடங்கும்போது யார் எத்தனை வினாடி எடுத்தார்கள் என்று பட்டியல் வரும். சிஸ்டம்சிடிஎல் என்ற கட்டளையில் மூன்று சொற்கள் போதும். 'ஸ்டாப்' என்றால் இன்றைக்கு மட்டும் நிற்கும், நாளைக் காலை மறுபடி ஆஜர். 'டிசேபிள்' என்றால் தானாக எழாது. ஆனால் வேறொரு சேவை கூப்பிட்டால் வந்துவிடும். 'மாஸ்க்' என்றால் யார் கூப்பிட்டாலும் வராது, நாமே 'அன்மாஸ்க்' செய்கிற வரை. பெயர் புரியாததைத் தொடாதீர்கள். நெட்வொர்க்மேனேஜர், டிபஸ் இரண்டிலும் கை வைக்கவே வேண்டாம்.

நாங்கள் படித்த பிரெஞ்சில் 'டீஃபால்ட்' என்பதற்குப் 'பார் தெஃபோ' என்பார்கள். 'தெஃபோ' என்றால் குறை, பழுது என்றும் பொருள். பொருத்தமான வார்த்தை!

உபுண்டுவை ஏற்றும்போது பெயர் கேட்கிறார்கள், எந்த ஊர் நேரம் என்று கேட்கிறார்கள், விசைப்பலகை எந்த மொழி என்றுகூடக் கேட்கிறார்கள். "ஐயா, உங்களிடம் பிரிண்டர் இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்க என்ன தடை?