சாதிச் சான்றிதழ் கேட்கும் பள்ளிகள் தடுப்பூசி அட்டையைக் கேட்காதது ஏன்?



இந்த ஆண்டு என் பேத்தியை எல்.கே.ஜி.யில் சேர்க்க, சரவணம்பட்டி சத்தி சாலையையொட்டிய ஒரு பள்ளிக்குப் போயிருந்தோம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், ரத்தப் பிரிவு, பெற்றோரின் சம்பள விவரம் என எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார்கள். தடுப்பூசி அட்டையை நாங்களாக நீட்டியபோது, "அது வேண்டாங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெற்றோர் பலரும் இதையேதான் சொல்கிறார்கள்.

இதைச் சின்ன விஷயமாக விட்டுவிட முடியாது. தட்டம்மையையே எடுத்துக்கொள்வோம். அது, உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவும் நோய். அந்த நாட்களில் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு மட்டுமே இருக்கும். சாதாரண சளி என்று நினைத்து நாமே பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவோம். நோயுற்ற குழந்தை வகுப்பை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். "ஆத்தா வந்திருக்கா, தானா எறங்கிருவா" என்று வேப்பிலை கட்டிக் காத்திருக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அம்மனைக் கும்பிடுவதில் தவறில்லை. ஆனால் இந்த நோயால் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் வரலாம், கண் பார்வையும் போகலாம். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றே காப்பு.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிகளிலேயே ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டதால், முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பின் பிறந்த குழந்தைகளுக்கு அந்த முகாமின் பயன் இல்லை. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று என வழக்கமான இரண்டு தவணைகளைத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள். 2019, 2020-இல் பிறந்தவர்களுக்கு அந்தத் தவணைகள் கொரோனா காலத்தில் வந்தன. தவறவிட்டவர் யார் என்று பள்ளி கேட்காவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

தேசிய அட்டவணைப்படி, விட்டுப்போன தவணையை ஐந்து வயது வரை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே எல்.கே.ஜி. சேர்க்கைதான் அநேகமாகக் கடைசி வாய்ப்பு. அதைக் கைநழுவ விடுகிறோம். பிறப்புச் சான்றிதழுக்கே தாயின் கர்ப்பகாலப் பதிவு எண்ணான பிக்மி எண்ணைக் கேட்கும் மாநிலத்தில், பள்ளி வாசலில் மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

தட்டம்மை பரவாமல் தடுக்க நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும். 2022-இல் மும்பை கோவண்டி பகுதியில் பரவியபோது குழந்தைகள் இறந்தார்கள். 2025-இல் அமெரிக்காவின் டெக்சாஸிலும் தடுப்பூசி போடாத பள்ளி வயதுக் குழந்தைகள் இருவர் பலியானார்கள். நம் பகுதியிலோ ஐ.டி. நிறுவனங்களுக்கும் கட்டட வேலைகளுக்குமாகப் பல மாநிலக் குடும்பங்கள் வந்தவண்ணம் உள்ளன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஆண்டின் நடுவில் பள்ளியில் சேரும் பிள்ளையிடம் அட்டையே இல்லாமலும் இருக்கலாம்.

அட்டை இல்லை என்று எந்தக் குழந்தைக்கும் இடம் மறுக்கக் கூடாது. கல்வி அவர்களின் உரிமை. சேர்த்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அட்டையைச் சரிபார்த்து, விடுபட்டவர் பட்டியலை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் போதும். செவிலியர் பள்ளிக்கே வந்து ஊசி போடலாம். வழக்கமான புதன்கிழமைத் தடுப்பூசி முகாமுக்கு வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமையும் முகாம் நடத்தலாம். ஐந்து வயதைத் தாண்டிவிட்ட பிள்ளைகளுக்கும் அரசு வழி செய்ய வேண்டும்.

தனியார் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி என்ற பாகுபாடின்றி இதைக் கட்டாயமாக்கி, பள்ளிக் கல்வித் துறையும் பொது சுகாதாரத் துறையும் வரும் கல்வியாண்டுக்கு முன்பே கூட்டாக ஆணை பிறப்பிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சரவணம்பட்டி, கோயம்புத்தூர் – 641035.